ஹேமலதாவின் கைராசி

பச்சைப்பயறு முளைகட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, ஐயா. உங்கள் வீட்டிலும் செய்திருப்பார்கள். இரவில் ஒரு ஆழாக்குப் பயறைக் கழுவி ஊறப்போட வேண்டும். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, அதில் மூட்டையாகக் கட்டி ஆணியில் மாட்டிவிட வேண்டும். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தால் போதும். மறுநாள் பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்கும். நல்ல பயறு, சுத்தமான தண்ணீர், கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுத் துர்காவின் குழந்தையைப் பற்றிக் கேட்டால் இவன் பயறைப் பற்றிப் பேசுகிறானே என்று பார்க்கிறீர்கள். பயறிலிருந்து ஆரம்பித்தால்தான் குழந்தைக்கு வர முடியும். என் மனைவி ஹேமலதா, குழந்தையைக் கொன்றது தான்தான் என்று முந்தாநாள் உங்களிடம் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அது தப்பு. அவள் அப்படிச் சொல்லும்படி எப்படி ஆனாள் என்று சொல்லத்தான் வந்தேன். என்னை யாரும் ஸ்டேஷனுக்கு அழைத்து வரவில்லை. டீ வேண்டாம் ஐயா, எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் தருமன். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறேன். வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. இரண்டு செம்பு அண்டா, இரண்டு அடுப்பு, நூல் அலச முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தறிக்காரர் ஒரு பழைய முந்தானைத் துண்டைக் காட்டி இதே அரக்கு வேண்டும் என்றால், அதே அரக்கு வரும். சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு விரல் போதும். அண்டாவில் விரலை விட்டு எண்ணுவேன். எந்த எண்ணில் பொறுக்க முடியாமல் எடுக்கிறேனோ, அதை வைத்துச் சூடு இன்னது என்று சொல்லிவிடுவேன். குரலை உயர்த்திப் பேசுகிற வழக்கமும் எனக்கு இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஹேமலதாவை ஒரு தடவைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டாயிரத்து ஒன்றில் அவளுடைய அண்ணன் ராஜவேலு கலசப்பாக்கத்திலிருந்து வந்து, அவளை வேலூருக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்யவைத்தான். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ராஜவேலு உரக்கடை வைத்திருக்கிறவன். எதையும் மூட்டையைத் தூக்கிப்போடுவதுபோல் படாரென்று போடுவான். "எங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியாம் மாப்ள. நீங்களும் ஒரு வாட்டி காட்டிடுங்க. இன்னும் எத்தினி வருஷம் இப்டியே இருக்கறது? முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் தங்கச்சிய இட்டுகினு போறேன். அவளுக்கு இன்னும் வயசு கீது" என்றான். பார்க்கலாம் என்று சொல்லி, சோறு போட்டு அனுப்பிவைத்தேன். ஹேமலதா சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுவருஷம் பால்வாடி டீச்சர் மகளிர் குழுப் பெண்களைக் கூட்டி, சத்துள்ள சாப்பாடு என்று முளைப்பயறு கட்டச் சொல்லிக் கொடுத்தார். எல்லாப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். பத்து நாளில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. பயறு, கொள்ளு, வெந்தயம், கொண்டைக்கடலை என்று சமையலறைச் சுவர் முழுக்க ஆணியடித்து மூட்டை தொங்கவிட்டாள். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்துக் கைக்குழந்தைகளுக்கு மாவு கொடுத்தாள். தெருவில் யார் முழுகாமல் இருந்தாலும் காலையில் ஒரு கிண்ணம் முளைப்பயறு இவள் கையிலிருந்து போகும். தேங்காய் துருவிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளுடைய பயறு எல்லாம் ஒரே அளவில் முளைத்திருக்கும்.

பட்டுக்காரத் தெருவில் கைராசி என்றால் சும்மா இல்லை, உங்களுக்குத் தெரியும். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும்போது முதல் இழையை யார் தொடுவது என்பதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஹேமலதாவின் பயறைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு பாவு இழை அறாமல் ஓடிவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா? விடிந்தால் வாசலில் யாராவது நிற்பார்கள். என் பட்டறைக்கு வருகிறவன்கூட, "அக்கா கீறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நூலைக் கீழே வைத்தான்.

ஒரு நாள் பின்கட்டில் நான் மாம்பழ மஞ்சள் நூலை அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே நான்கைந்து பெண்கள். பக்கத்து வீட்டுத் துர்காவும் இருந்தாள். எதிர்வீட்டு ரங்கம்மாளுக்கு அறுபது வயது இருக்கும், வாய்க்குப் பூட்டே கிடையாது. மூட்டையைப் பிரித்து ஹேமலதா காட்டியதும், "இவ கை பட்டா கல்லுகூட முளைக்கும்டி. பூமி நல்லாத்தான் கீது. வெதைக்கு இன்னா கேடோ, யாரு கண்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஹேமலதாவும் சிரித்தாள்.

எனக்கு எரிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் ரங்கம்மாள் மேல் கோபப்பட்டு என்ன ஆகும்? தெருவின் வாயை அடைப்பதைவிட, தெரு எதைப் பார்த்துப் பேசுகிறதோ அதை மாற்றுவது சுலபம். நிறம் சரியில்லையென்றால் புடவைக்காரியோடு சண்டை போடுகிற சாயக்காரன் நானில்லை. அண்டாவைத்தான் பார்ப்பேன்.

எங்கள் தெருக் குழாயில் விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். ஹேமலதா குடத்தை எடுத்துக்கொண்டு போனால் வரிசையில் நின்று திரும்ப இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் நான் அடுப்பு மூட்டியிருப்பேன். இரவு ஊறப்போட்ட பயறு சமையலறையில் மூடிவைத்திருக்கும். அதன் தண்ணீரை வடித்துவிட்டு அண்டாவிலிருந்து இரண்டு சொம்பு வெந்நீர் ஊற்றினேன். சற்றுப் பொறுத்து அதையும் வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு மூடிவிட்டேன். அவள் வந்து வழக்கம்போல மூட்டை கட்டினாள்.

முதல் நாள் சூடு அதிகமாகிவிட்டது. தோல் வெடித்துவிட்டது. "இன்னாங்க இது, பயறு வெந்த மாதிரி கீது?" என்று என்னிடமே கொண்டுவந்து காட்டினாள். கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளியிருப்பான் என்றேன். மறுநாள் குறைத்தேன். பட்டுக்குச் சாயம் ஏறுகிற சூட்டைவிடக் கொஞ்சம் கீழே ஒரு சூடு உண்டு. அதில் தோல் வெடிக்காது, பயறு நன்றாக உப்பிப் பச்சைப்பசேலென்று இருக்கும். உள்ளே மட்டும் உயிர் இருக்காது. இரண்டாம் நாள் துணியைப் பிரித்தால் கொழகொழவென்று நூல் விடும், நாற்றம் அடிக்கும். அந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்றே நாள் ஆயிற்று. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

தினமும் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வாரத்தில் நான்கு நாள் இருக்கும். ஒரு நாள் முளைத்து இரண்டு நாள் அழுகினால்தான் மனசு அதையே நினைத்துக்கொண்டிருக்கும். கடையை மாற்றினாள். துணியை மாற்றினாள், பிறகு மண்சட்டிக்கு மாறினாள். குழாய்த் தண்ணீரில் மருந்து போடுகிறார்கள் என்று கிணற்றுத் தண்ணீர் சேந்திவந்தாள். வெம்பாக்கத்தில் தெரிந்தவர் நிலத்துப் பயறு என்று சொல்லி அனுப்பி வாங்கினாள். எதை மாற்றினாலும் அழுகிற்று. ஆடியில் வெள்ளிக்கிழமைதோறும் படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளிடம் முறையிட்டாள். பஸ் கிடைக்காமல் ஒரு தடவை வெயிலில் நடந்தே வந்து காலெல்லாம் கொப்பளம். நான்தான் விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

தெரு கவனிக்க அதிக நாள் பிடிக்கவில்லை. நாற்றமெடுத்த பயறைக் குப்பையில் கொட்டப் போகும்போது பார்ப்பார்களே. முதலில் கிண்ணம் வாங்க வருவது நின்றது. பிறகு யாரோ ஒரு வீட்டில் இவள் தொட்டுக் கொடுத்த பாவில் இழை அறுந்ததாம். பாவு என்றால் இழை அறும். இத்தனை நாளும் அறுந்துகொண்டுதான் இருந்தது, யாரும் இவள் கணக்கில் எழுதவில்லை. ரங்கம்மாளே குழாயடியில், "அவ குடத்துக்கு அப்பறம் நான் புடிக்கமாட்டேன். ஒரு குடம் தள்ளி நில்லு" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பூமி நல்லாத்தான் கீது என்று சொன்ன அதே வாய். எனக்கு அந்தத் தெருவைப் பார்த்தாலே குமட்டும் ஐயா. பயறு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்கிற ஜனங்கள்.

துர்காவுக்கு வளைகாப்பு வந்தது. துர்கா முழுகாமல் இருந்தபோது முதலிரண்டு மாதம் வாயைத் திறந்தாலே வாந்தி, இவள் கொடுத்த முளைப்பயறுதான் வயிற்றில் தங்கியது. அப்படிப்பட்டவள் வீட்டிலிருந்து புருஷன் ஜெயவேல் வந்து பட்டறையில் நின்று தலையைச் சொறிந்தான். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. வூட்டு பெரியவங்க ஒரே பேஜார் பண்றாங்க. அண்ணி வரவேணாம்னு..." என்று இழுத்தான். பரவாயில்லை தம்பி, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஹேமலதா அன்று புடவை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானம் அவர்கள் கொடுத்தனுப்பிய எலுமிச்சை சாதத்தை நான் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

ராஜவேலு இன்னொரு தடவை வந்தான். வா, கலசப்பாக்கம் போகலாம் என்று கூப்பிட்டான். டாக்டர் காகிதத்தை நீட்டினான். "அந்த மிஷினு வயித்தத்தான் பாக்கும்ண்ணா, கைய பாக்குமா? நான் தொட்டது எது வெளங்குச்சி? உன் வூட்ல புள்ளைங்க கீது. நான் வரல" என்றுவிட்டாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே சொன்னாள். வாசல்வரை போய் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தெருவில் மரியாதை கூடிப்போயிற்று. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இவளை வைத்துக் காப்பாற்றுகிறானே, தங்கமான மனுஷன் என்று பேசினார்கள். ஹேமலதாவே கெஞ்சினாள். "வேற ஒருத்திய கட்டிக்குங்க. நான் ஒரு மூலையில கெடக்கறேன்" என்று காலைப் பிடித்தாள். எனக்கு நீ போதும் என்று தூக்கி நிறுத்தினேன். அதில் பொய் இல்லை. எனக்கு அவள்தான் வேண்டும். வேறு யாரையும் நான் நினைத்ததே இல்லை.

ஆனாலும் அவள் பயறு ஊறப்போடுவதை விடவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. ஒன்றரை வருஷம் கழிந்தும் துணியைப் பிரிக்கும்போது முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். அது இருக்கும்வரை அவள் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள் என்றே எனக்குத் தோன்றும். அதனால் ஒரு நாள் நானே சொன்னேன். "இந்த வாட்டி நீ தொடாத. நானே வாங்கி, நானே ஊறப்போட்டு கட்டறேன். பாக்கலாம்" என்றேன். அவள் குழந்தைபோலத் தலையாட்டினாள்.

அதே கடை, அதே துணி, அதே தண்ணீர். வெந்நீர் மட்டும் இல்லை. இரண்டாம் நாள் காலை அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்தேன். விரற்கடை நீளத்துக்கு முளைத்திருந்தது, ஒரு பயறு தப்பவில்லை. ஹேமலதா ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்ப பயறுல குத்தமில்லீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "தண்ணியில?" இல்லை என்றேன். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். அந்தப் பயறை நான்தான் தாளித்தேன், அவளும் ஒரு பிடி சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நான் வெந்நீர் ஊற்றியதே இல்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஊற்ற வேண்டியிருக்கவில்லை. அவள் பயறே வாங்கவில்லை. உலையில் அரிசியை என்னைப் போடச் சொன்னாள். விளக்கை என்னை ஏற்றச் சொன்னாள். வாசலில் கோலம் நின்றது. பட்டு நூல் கட்டுகளைத் தாண்டிப் போகும்போது கையை மார்போடு கட்டிக்கொண்டு போவாள். துர்காவின் பெண் குழந்தை தவழ்ந்து, நடக்க ஆரம்பித்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மூங்கில் தட்டியின் சந்தில் நுழைந்து இவளிடம் வரும். பெரியவர்கள் தடுத்ததெல்லாம் அதற்கு என்ன தெரியும்? இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அத்தகிட்ட வராத கண்ணு, அங்கயே நில்லு. அங்கேர்ந்தே பேசு" என்பாள். அதுவும் அங்கேயே நின்று என்னவோ பேசும்.

போன செவ்வாய்க்கிழமை நான் நூல் கொடுக்கப் பஜாருக்குப் போயிருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். குழந்தை சந்தில் நுழைந்து வந்து, அலசுகிற தொட்டிமேல் எக்கிப் பார்த்து, தலைகுப்புற விழுந்திருக்கிறது. தொட்டியில் ஓரடித் தண்ணீர். ஹேமலதா நாலு எட்டு தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தொட்டிவரை ஓடியிருக்கிறாள். குனிந்திருக்கிறாள். பிறகு நிமிர்ந்து தெருவுக்கு ஓடிவிட்டாள். "யாராவது வாங்களேன், பாப்பா தொட்டியில வுழுந்துடுச்சி, ஜல்தி வாங்களேன்" என்று வீடு வீடாகக் கத்தியிருக்கிறாள். இப்போது எங்கள் தெருவில் பாதி வீட்டில் பவர்லூம். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான்காவது வீட்டில்தான் ஒரு ஆள் எழுந்து வந்தான். அவன் வந்து தூக்கியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

நான் திரும்பி வந்தபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். துர்கா மண்ணில் புரண்டு கத்தினாள். ரங்கம்மாள் இவள் தலைமயிரைப் பிடித்து, "ஓரடி தண்ணிடீ! குனிஞ்சி தூக்கறதுக்கு இன்னாடி? நின்னு வேடிக்க பாத்துகினு இருந்தியா பாவி?" என்று உலுக்கினாள். ஹேமலதா அடியைத் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. "என் கை பட்டா பொழைக்காதுங்க. அதான் வேற கைய தேடிகினு ஓடனேன்" என்றாள்.

ஐயா, அதைக் கேட்டு நீங்கள் என்ன நினைத்தீர்களோ தெரியாது. தள்ளிவிட்டு நாடகமாடுகிறாள் என்று தெரு முடிவுகட்டிவிட்டது. அவளும் என் கைதான் கொன்றது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் தள்ளவில்லை. அவளுக்கு அந்தக் குழந்தைமேல் உயிர். அவளை அப்படி ஆக்கியவன் நான். நடந்தது இவ்வளவுதான். வெந்நீர் ஊற்றியதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். குழந்தை விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஜெயவேல் நல்ல பையன்.

எதற்காகச் செய்தாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். ரங்கம்மாளின் பேச்சுக்காக என்று போட்டுக்கொள்ளுங்களேன். போதாதா? சரி. ராஜவேலு முதல் தடவை வந்துபோன மறுவாரம், சாயப்பொடி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலூருக்குப் போய் நானும் பரிசோதனை செய்துகொண்டேன். சின்ன வயசு டாக்டர். முகத்தைப் பார்க்காமல், எண்ணுவதற்கு ஓர் உயிரணுகூட இல்லை, இதற்கு மருந்தும் இல்லை என்றார். அந்தக் காகிதத்தை அன்றைக்கே அண்டாவுக்கடியில் நெருப்பில் போட்டுவிட்டேன். இந்த நிமிஷம்வரை யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் அவள் அடுத்த பஸ்ஸிலேயே போயிருப்பாள். இன்னொரு வீட்டில் இரண்டு பிள்ளை பெற்றிருப்பாள். தெரு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். யோசித்துப் பாருங்கள், ஒரு மனுஷன் தன் வீட்டை வேறு எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

அவளை விட்டுவிடுவீர்கள் அல்லவா? அதற்காகத்தான் வந்தேன். அவளைச் சிறையில் போட்டால் நான் இத்தனை வருஷம் செய்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுங்கள், இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. முடித்துவிட்டு வருவேன். அவள் அந்த வீட்டிலேயே இருப்பாள். இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் போக இடமில்லை, அவளைத் தொட ஆளில்லை, என்னைத் தவிர.

எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளிடம் மட்டும் அதைச் சொல்ல வேண்டாம். பாவம், தாங்கமாட்டாள்.